உமாவைப் பற்றி அவர்கள் சொன்னது

மற்ற அம்மாக்கள் குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டாவது காப்பி குடிப்பார்கள். எங்களைப் போன்ற அம்மாக்கள், எந்த நிமிஷம் உள்ளேயிருந்து கூப்பிடுவார்களோ என்று கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே இருப்பார்கள்.

நீங்களும் அப்படி நின்றவர் என்றால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் நாங்கள் நாலு பேர். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்த என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை சரோஜா, நான், எங்கள் ஒரே பெண் உமா. உமா அழகான குழந்தை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். பசி வந்தால், "உமாவுக்குப் பசிக்கறதா?" என்று என் குரலிலேயே என்னைக் கேட்பாள். பிற்பாடு இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். அறுபதுகளில் எங்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு அபிப்பிராயம்தான் கிடைத்தது.

அட்மிஷன்

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று உமாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, புது கவுன் மாட்டி அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம், "பேர் கேட்டா உமான்னு சொல்லணும், சரியா?" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. குனிந்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டாள். உமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்றாள். "எந்தத் தெரு?" "எந்தத் தெரு?" அந்த அம்மாளுடைய கண்டிப்பான குரல்கூட அப்படியே வந்தது. பக்கத்தில் இருந்த கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அடி வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் அட்மிஷன் பாரத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டபடி சொன்னாள்: "நன்னாத்தான் பேசறா. நம்மகிட்ட பேசமாட்டேங்கறா, அவ்வளவுதான்."

ஒரே பெஞ்சு

மணி அடித்தால் உமா காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். பிள்ளைகள் கூடி நின்று பார்ப்பார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். ஒரு நாள் கேட்டருகே நின்றபோது, எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவள் பெண்ணும் உமாவும் ஒரே பெஞ்சு. தயங்கித் தயங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கெட்டவள் இல்லை. எனக்கு ஜுரம் வந்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ மாமி," என்றாள். "இது ஒட்டிக்குமோ?"

பெரிய டாக்டர்

மனசு சம்பந்தப்பட்ட டாக்டர் ஒருவர் சீமையில் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஆபீஸில் யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு எங்களை அழைத்துப் போனார். டாக்டர் உமாவைச் சற்று நேரம் விளையாட விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் பேசினார். இந்தக் குழந்தை பிறந்ததில் உங்கள் மனைவிக்குச் சந்தோஷமில்லையோ என்று கேட்டார். அம்மா மடியில் வைத்துக் கொஞ்சாவிட்டால் குழந்தைகள் இப்படித்தான் தங்களை மூடிக்கொண்டுவிடும் என்றார்.

உமாவைத் தொட்டால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். தலை பின்னும்போது மட்டும்தான் சும்மா இருப்பாள். அதனாலேயே பின்னியதை அவிழ்த்து, சிக்கு இருக்கிறது என்று சொல்லி, மறுபடி பின்னுவேன். இதையெல்லாம் அந்த டாக்டரிடம் சொல்லத் தமிழில்கூட எனக்கு வார்த்தை வந்திருக்காது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றேன். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று நானே கேட்டேன். நான் மெட்ரிகுலேஷன் வரை இங்கிலீஷ் படித்தவள் என்பது அவருக்கு மறந்திருக்க வழியில்லை. இருந்தும், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஒண்ணுமில்லை. டானிக் எழுதித் தரேன்னார்."

நாற்காலி

சரோஜாவைப் பெண் பார்க்க முலுண்டிலிருந்து வந்தார்கள். பையனுக்கு டிராம்பேயில் நல்ல வேலை. ஜாதகம் முன்பே பொருந்தியிருந்தது. அவர்கள் கிளம்பும்வரை நான் உமாவைக் கூட்டிக்கொண்டு பார்க்கில் இருந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டேன். ஆனால் பார்க்கில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பம்பாய் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது, ஹாலில், உமா வேறு யாரையும் உட்காரவிடாத அவளுடைய பிரம்பு நாற்காலியில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். உமா நேரே போய் அவன் எதிரில் நின்றாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். அவன் கையில் பஜ்ஜித் தட்டுடன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இது யாராத்துக் குழந்தை?" என்று அவனுடைய அம்மா கேட்டாள். என் வீட்டுக்காரர், "பக்கத்தாத்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் சரோஜா எழுந்து வந்து, தன் புதுப் புடவைத் தலைப்பால் உமாவின் தலையைத் துவட்டியபடி, "எங்காத்துக் குழந்தை. அண்ணா பொண்ணு," என்றாள். ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம் சரோஜாவுக்குக் கல்யாணம் ஆக வருஷக்கணக்காயிற்று. செய்தி வந்த அன்று சமையலறையில் நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "விடுங்கோ மன்னி. ஒரு குழந்தைக்கு நாற்காலியை விட்டுக் குடுக்கத் தெரியாதவனோட என்ன குடித்தனம் பண்றது?"

இன்ஸ்பெக்டர் வருகிறார்

மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் உமாவை அனுப்ப வேண்டாம் என்று சொன்னார்கள். சரி என்றேன். அடுத்து ஆண்டு விழாவன்று வேண்டாம் என்றார்கள். அதற்கும் சரி என்றேன். பரீட்சைக்கு முன்பு டி.சி.யையே கொடுத்துவிட்டார்கள். சேர்த்துக்கொண்ட தலைமை ஆசிரியை அதற்குள் ரிடையராகிவிட்டாள்.

உமாவுக்கு டி.சி. என்றால் என்ன தெரியும்? மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு யூனிஃபார்மைத் தானே போட்டுக்கொண்டு, பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கதவருகே நின்றாள். கூட்டிப் போகாததால் சுவரில் தலையை மோதிக்கொண்டாள். நெற்றி வீங்கிவிட்டது. அதனால் தினமும் கேட்டு வரை கூட்டிக்கொண்டு போவேன். பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போகிறவரை இருவரும் கம்பிக்கு வெளியே நிற்போம். பிறகு அவளே திரும்பி நடப்பாள். அதில் அவளுக்குத் திருப்தியா, என்ன ஏது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைக்காலம் பிறந்த பிறகு ஒரு நாள் அவளுடைய டீச்சர் வெளியே வந்தாள். உமாவின் நெற்றியில் இருந்த தழும்பைப் பார்த்தாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "தெனம் கூட்டிண்டு வராதீங்கோ. எங்களுக்குப் பாக்கக் கஷ்டமா இருக்கு."

தாராவியிலிருந்து ஒருத்தி

உமா விடிகாலையில் குதிக்கிற சத்தம் கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தாங்கவில்லை. அதனால் நாங்கள் செம்பூரில் தரைத்தளமாகப் பார்த்துக் குடி போனோம். உமா வளர்ந்துவிட்டாள். பாத்திரம் துலக்குவாள், துணி மடிப்பாள். பேச்சு மட்டும் பழையபடிதான். அந்தச் சமயத்தில் விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தாராவியில் மளிகைக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக் குடும்பம். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை, சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "எக்கா, பெரிசானா சரியாயிரும்லா?" என்று கேட்டாள். உள்ளே உமா துண்டுகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எத்தனையோ பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதை நம்பி நான் எத்தனையோ கோயில் ஏறி இறங்கியிருக்கிறேன். "ஆகாதும்மா," என்றேன். "உனக்குப் பழகிடும். அவனுக்கு என்ன வேணும்னு உனக்குப் புரிய ஆரம்பிக்கும். அவ்வளவுதான்." அவள் அழவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வாசற்படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க ஏதாச்சும் பொய் சொல்லுவீயன்னு நெனச்சுத்தான்க்கா வந்தேன்," என்றாள்.

மொத்தத்தில், உமாவைப் பற்றி ஊரே இத்தனை பேசியதால்தானோ என்னவோ, அவள் தன் பங்குக்குச் சொந்தமாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.