மச்சானுக்காகப் பொறுக்கிய குண்டு

மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டிய வெஸ்லி ட்ரெவார்த்தனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய தோட்டாவைப் பற்றித்தான் சொல்வார்கள். கடையில் விற்கிற தோட்டாவை அவர் கையால் தொடமாட்டார். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப் வைத்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, கூட்டின் வாயில் குண்டை அழுத்திப் பொருத்தி, எல்லாம் தானே செய்வார். வேட்டைக் குடிலுக்கு வருகிற மற்ற ஆறு பேருக்கும் அவர் செய்த தோட்டாதான். "வெஸ்லி தோட்டா போட்டும் மான் ஓடிச்சுன்னா, அது சுட்டவன் கை கோளாறு" என்று குடிலில் வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள்.

மனுஷன் நல்லவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. குறி பார்க்கும் அட்டையில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்துவிட்டால், அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிவார். தபால் நிலையத்தில் காட்டுவார், சர்ச் வாசலில் காட்டுவார். "நம்ம கல்யாண போட்டோவக்கூட நீங்க யார்கிட்டயும் இப்படிக் காட்டினதில்ல" என்பாள் அவர் மனைவி ஹில்யா.

ஹில்யாவின் அண்ணன் ஓலவி கங்காஸ், இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். ஒரு வருஷம் கோடையில் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை எடுத்தார்கள். கிறிஸ்துமஸைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவியை முன்பே பறிகொடுத்தவர் என்பதால், தங்கை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசைதான்.

"மாப்பிள்ளை, இந்த வருஷமும் நான் வேட்டைக்கு வரணும்."

"வாங்க மச்சான். யாரு வேணாம்னா?"

"வந்து வேடிக்கை பாக்கவா? ஒரு மானாவது சுடணும்டா. துப்பாக்கி உதைச்சா இந்தத் தோளு பொடிப்பொடியாப் போயிடும்."

"உதைக்காத தோட்டா நான் செஞ்சு தரேன். உங்க தங்கச்சி என்னை இடிக்கிறதவிட மெதுவா இருக்கும்."

"ரெண்டு பேருக்கும் இன்னிக்குக் காபி கிடையாது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ஓலவி சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது.

வெஸ்லி மூன்று வாரம் இதே வேலையாக இருந்தார். மருந்தைக் குறைத்தால் துப்பாக்கியின் உதை குறையும். கூடவே குண்டின் வேகமும் குறையும். அவர் மேசையில் இரண்டு வகைக் குண்டுகள் இருந்தன. ஒன்று மெல்லிய உறை போட்ட குண்டு. மெதுவாகப் போனாலும் மான் உடம்பில் பட்டதும் நுனி நசுங்கி மலர்ந்து, மானை அங்கேயே சாய்த்துவிடும். ஆனால் அந்தக் குறைந்த மருந்தில், அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறி விழுந்தது. இன்னொன்று பெரிய மிருகங்களுக்கென்றே செய்த தடித்த உறைக் குண்டு. அது மூன்றும் ஒரே ஓட்டையில் போய் உட்கார்ந்தது.

மானின் நெஞ்சு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். உள்ளங்கை அகலச் சிதறல் அதற்குத் தாராளம். தடித்த குண்டு வேகம் இல்லாமல் போனால் மலராது, ஊசி மாதிரி நுழைந்து வெளியே போய்விடும் என்பதும் வெஸ்லிக்குத் தெரியாததில்லை. குடிலில் மற்றவர்களுக்கு அவரே நூறு தடவை சொன்ன பாடம் அது. தெரிந்தும், அந்த ஒற்றை ஓட்டை அவர் கண்ணை மறைத்துவிட்டது. தடித்த குண்டையே பொருத்தி, இருபது தோட்டா செய்து, அட்டையையும் மச்சான் கையில் கொடுத்தார். ஓலவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல சுட்டுக் குறி தப்பினா நான் மனுஷனே இல்ல" என்றார்.

அந்த வருஷம் வேட்டை தொடங்கிய நாள் நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை. ஓலவியால் மரத்துப் பரணுக்கு ஏணி ஏற முடியாது என்பதால், தரையிலேயே பலகை மறைப்பு கட்டி, இரண்டு பேரும் அதற்குள் போர்வையோடு உட்கார்ந்தார்கள். எட்டரை மணிக்கு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கடாமான் வந்து எண்பது தப்படியில் பக்கவாட்டில் நின்றது. ஓலவி நிதானமாகத்தான் சுட்டார். மான் ஒரு துள்ளுத் துள்ளி, தேவதாருச் சதுப்புக்குள் பாய்ந்தது.

இருபது தப்படி வரை பனியில் ரத்தத் துளிகள் இருந்தன. அப்புறம் ஒன்றுமே இல்லை. மதியம் பனிப்பொழிவு மழையாக மாறிக் குளம்புத் தடத்தையும் கரைத்துவிட்டது. குடிலில் இருந்தவர்கள் எல்லோரும் இருட்டும் வரை தேடினார்கள். ஓலவி வீட்டுக்குப் போக மறுத்து, வண்டிக்குள் ஜன்னலை இறக்கிவிட்டுச் சதுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்கிடுச்சு மாப்பிள்ளை" என்றார் வீடு திரும்பும்போது. "வயித்துலதான் பட்டிருக்கும். நாப்பத்தோரு வருஷத்துல ஒரு மானைக்கூட காயத்தோட விட்டதில்ல. இப்ப எங்கேயோ கிடந்து துடிக்குது பாவம்."

அன்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ஹில்யா மீன் சூப் கொண்டுபோனால், "அந்த மானு இன்னிக்குச் செத்திருக்குமா?" என்று கேட்டார். மறுநாளும் அதையே கேட்டார். நோயை எப்படியோ தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சதுப்புக்கு மேலே அண்டங்காக்கைகள் வட்டமிடுவதைப் பார்த்து, வெஸ்லி தனியாகப் போனார். ஓடைக்கு அந்தப் பக்கம் மான் கிடந்தது. தோலைப் புரட்டிப் பார்த்தார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், பென்சில் அகலத்தில் ஓர் ஓட்டை. மறுபக்கம் அதே அகலத்தில் இன்னோர் ஓட்டை. இரண்டு நுரையீரலையும் துளைத்துப் போயிருந்தது. வயிற்றிலெல்லாம் படவில்லை. இதைவிடச் சரியாக எந்தக் கையாலும் சுட்டிருக்க முடியாது. மான் ஓடின ஓட்டத்திலேயே செத்திருக்கிறது. அதிகம் துடிக்கவும் இல்லை. குண்டு மலர்ந்திருந்தால், எல்லோர் கண் முன்னாலும் விழுந்திருக்கும்.

அந்த நிமிஷமே வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். 'மச்சான், கை நடுங்கல. குண்டு நான் பொறுக்கினது தப்பு' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? குண்டு மலர்கிறதா என்று எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று, மான் சதைக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாள்களைத் தொட்டியில் ஊறப்போட்டார். புதன்கிழமை அந்த ஈரக் காகிதக் கட்டுக்குள் சுட்டுக் குண்டைத் தோண்டி எடுத்தார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி, நுனிகூட நசுங்காமல் இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை சுட்டார். அதுவும் அப்படியே.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாயைத் திறப்பதற்குள் ஓலவி கேட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் எத்தனை மானு?"

"அஞ்சு, மச்சான்."

"எல்லாம் உன் தோட்டாதானே?"

"ஆமா."

"என்னைத் தவிர எல்லாரும் ஒழுங்காத்தான் சுட்டிருக்காங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல தருணம் யாருக்குக் கிடைக்கும்? வெஸ்லிக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. "நாளைக்குப் பேசலாம், தூங்குங்க" என்று எழுந்து, லாரியைக் கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓலவி கண் திறக்கவில்லை. நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டு, இனிமேல் எழுப்ப முடியாது என்று சொல்லிப் போனாள். வெஸ்லி கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, காதோடு வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மான் கிடந்த இடம், ஓட்டை இருந்த இடம், தடித்த உறை, ஈரக் காகிதம், எதையும் விடவில்லை. ஓலவியின் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சின்ன அசைவுகூட இல்லை. வெஸ்லி தேம்பித் தேம்பி அழுதார்.

ஹில்யா துண்டோடு உள்ளே வந்தாள். "நேத்து சாயங்காலம் உங்களப் பத்திதான் பேசிட்டிருந்தாரு" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"மாப்பிள்ளை எனக்காக ஒவ்வொரு தோட்டாவாப் பாத்துப் பாத்து செஞ்சான், நான்தான் பாழாக்கிட்டேன், அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெக்கமா இருக்கு, நீ சொல்லிடுன்னாரு."

வெஸ்லி அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். துண்டைக் கையில் பிடித்தபடி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மானு என்னிக்குக் கிடைச்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

ஹில்யா அண்ணனின் நெற்றியைத் துடைத்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் முழிச்சிட்டுத்தான் இருந்தாரு" என்றாள்.