சட்டம் போட்ட வெட்டுப்படம்

உண்மை சொன்னதற்காக நான் அடி வாங்கியது வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. பொய் சொன்னதற்காக வாங்கிய அடிகளையெல்லாம் மறந்துவிட்டேன், அவை நியாயமானவை. இந்த ஒன்று மட்டும் கன்னத்தைவிட்டுப் போகவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணின் பொருளை அவளைக் கேட்காமல் எடுத்து, ஆணி அடித்துச் சுவரில் மாட்டி, வேறொருத்தி செய்தது என்று வந்தவர்களிடம் சொல்லி, அவள் அதை மறுத்ததும் அறைவது எந்த ஊர் நியாயம்? ஒவ்வொரு தீபாவளிக்கும் பிறந்தவீடு போகும்போது அம்மாவிடம் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அம்மா தட்டில் அதிரசத்தை வைப்பாள். கேட்காமல் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அந்தப் பொருளுக்கு எங்கள் வீட்டில் வெட்டுப்படம் என்று பெயர். பெயர் வைத்தவர் என் மாமா. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்துத் துரைசானி சீமைக்குத் திரும்பிப் போகும்போது வேண்டாம் என்று கழித்துவிட்டுப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. கப்பலும் ரயிலும் ஏறி ஊர் வந்த மாமா, அந்த அட்டைப் பெட்டியை என் மடியில் வைத்து, "இந்தா புள்ள, இது உனக்குத்தான். உங்க அப்பாரே கேட்டாலும் குடுக்காத" என்றார். இந்த வாக்கியத்தை அம்மாவும் அப்பாவும் கேட்டார்கள். அதைத்தான் நான் சாட்சியாக வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் மரத்தில் அறுத்த இருநூறு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் காதும் மூக்கும் போல வளைவுகள். முதுகு மரம், முகத்தில் ஒட்டிய வண்ணத்தாள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு படம் வரும். என்ன படம் என்று மட்டும் தெரியாது. பெட்டியின் மேல் படம் எதுவும் போட்டிருக்கவில்லை. சேர்த்த பிறகுதான் தெரிய வேண்டுமாம்.

முதல் நாள் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்தது. ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்த அம்மா, "யாரோ பட்டுடுத்தி நிக்கிறாக பாருங்க" என்றாள்.

"வெள்ளைக்காரன் ஊருல எவடி பட்டுக் கட்டுறா?" என்றார் அப்பா.

இரண்டு நாளில் எல்லோரும் சலித்துப் போனார்கள். மிச்சம் இருந்தது நானும் சின்னத்தையும்தான். சின்னத்தை அப்பாவின் தங்கை. பெற்றோர் இல்லாததால் எங்களோடேயே இருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள்.

நாங்கள் குடியிருந்தது சிம்மக்கல்லில், மூன்று குடித்தனம் இருந்த வீட்டின் மாடியில் இரண்டு அறை. படுக்கவும் சாப்பிடவும் அதே தரை. அதனால் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக விரித்து, அதன்மேல் படத்தை அடுக்குவோம். இலை போடும் நேரம் வந்தால் தகட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். பள்ளிவிட்டு வந்ததும் மறுபடி இழுப்போம். பங்கு பிரித்தது நான். நிறம் உள்ளதெல்லாம் எனக்கு. குதிரைகள், மஞ்சள் சக்கரம் வைத்த வண்டி, நாய், சிவப்புச் சட்டைக்காரன் (அம்மாவின் பட்டுச்சேலை அதுதான்), சாப்பாட்டுக் கடை மாதிரி ஒரு வீடு, எல்லாம் என்னுடையவை. மிஞ்சியது மேலே பாதிப் படத்துக்கு விரிந்து கிடந்த வானம். அது சின்னத்தைக்கு.

மரத்துண்டு தன் இடத்தில் இறங்கும்போது சொடக்கைவிடச் சின்னதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் வீட்டுப்பாடத்தை விட்டேன், கல்லாங்காயை விட்டேன், ஒருநாள் சித்திரைத் திருவிழாவுக்குப் போன கூட்டத்தோடு போகாமல் வீட்டில் இருந்துகொண்டேன். மூக்கும் காதுமாகத் தனியே கிடந்தது ஒரு குதிரையின் கண்ணாக மாறும் அந்த நொடியை இன்றுவரை வேறெந்தப் பண்டமும் எனக்குத் தந்ததில்லை. படம் முடிந்ததும் இருவரும் ஒருநாள் முழுக்கப் பார்ப்போம். பிறகு தகட்டைச் சாய்ப்போம். வண்டியும் நாயும் சரிந்து குவியலாகும். பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். எங்களுக்கு அந்தக் குவியல்தான் அடுத்த இரண்டு மாதம்.

சின்னத்தை மெதுவாகத்தான் செய்வாள். நான் ஒரு சக்கரத்தை முடித்திருப்பேன். அவள் ஒரு நீலத்துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி விரலால் தடவிக்கொண்டிருப்பாள்.

"என்னத்தே, இன்னிக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணு கெடச்சதே பெரிசு, போ."

மந்தமான அத்தை என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

நான்காவது தடவை படம் முடிந்திருந்தபோது வாடிப்பட்டியிலிருந்து பெரியத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்காள். சின்னத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தியோடு வந்தாள். மாப்பிள்ளை தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் திருவாதவூர். "பையன் தங்கம். ஒரே ஒரு குறை. வீடு பூரா புஸ்தகமாம். மாசம் ரெண்டு பத்திரிகை வேற வாங்குறானாம்" என்றாள். சின்னத்தை அன்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள்: "ரெண்டு பத்திரிகைன்னா சொன்னாக?" ஒரே விஷயத்தை எத்தனை தரம் கேட்பாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெரியத்தைக்கு வேறு கவலை. அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் கைவேலை என்ன தெரியும் என்று கேட்பார்கள். பாசிமணியில் கோத்த கிளி, பூத்தையல் போட்ட தலையணை உறை, ஏதாவது ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் தொங்க வேண்டும். சின்னத்தை ஊசி பிடித்தால் துணியைவிட விரலில்தான் அதிகம் குத்துவாள்.

"என்ன தெரியும்னு கேப்பாகள்ல, என்னத்தச் சொல்ல? நல்லா வாசிப்பான்னு சொல்லவா? வெளங்கும்!" என்று பெரியத்தை வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். கட்டிலுக்கு அடியில் தகடு தெரிந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது காரியம் நடந்துவிட்டது. கோயில் பக்கம் படம் சட்டம் போடுகிறவரிடம் அப்பாவே தகட்டைச் சுமந்து போயிருக்கிறார். "சாமி படத்துக்கும் செத்தவுக படத்துக்குந்தான் இதுவரைக்கும் சட்டம் போட்டிருக்கேன். இது ரெண்டுல எதுங்க?" என்று அவர் கேட்டதைப் பிறகு அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்குச் சிரிப்பு. அந்த மனிதர் வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி, இருநூறு துண்டையும் ஒரு பலகையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, கறுப்புச் சட்டம் அடித்துக் கொடுத்துவிட்டார்.

பள்ளிவிட்டு வந்த நான், பை தோளில் இருக்க, சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தபடி நின்றேன். சின்னத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் மட்டும்தான் தடுத்திருக்கிறாள். "வேணாங்க்கா, பெறகு கலைக்க முடியாமப் போயிரும்" என்றாளாம். அதற்குப் பெரியத்தை, "கலைக்கிறதுக்கா செய்வாக? கூறுகெட்டவளே!" என்றாளாம். அந்த வீட்டில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரிலும் அந்தப் படம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் சாப்பிட மாட்டேன் என்றேன். "பசிச்சா தன்னால வருவா" என்றாள் அம்மா. பசித்தது. போனேன். அதிலும் எனக்குத் தோல்விதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, தலையைக் குனிந்தபடியே இருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். வெற்றிலைத் தாம்பாளம் நடுவில் இருந்தது. சின்னத்தை வந்து கும்பிட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார்.

"இது என்னத்தா, புதுமாதிரி படமா இருக்கு?"

"எங்க தங்கச்சி செஞ்சது. இருநூறு துண்டு! ஒவ்வொண்ணா அறுத்து, இழைச்சு, ஒட்டுனா" என்றாள் பெரியத்தை.

"வர்ணமெல்லாம்?"

"அதுவும் அவதான். பின்ன?"

அப்பா விட்டத்தைப் பார்த்தார். பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று என்னிடம் சொல்லும் அம்மா, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான் எழுந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. இன்று மாமியார் முன்னால் குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லக்கூட நான்கு தரம் யோசிக்கிறவள் நான்.

"பொய்! அது என் வெட்டுப்படம். எங்க மாமா எனக்குக் கொண்டாந்தாக. குதிரை, வண்டி, நாயி, செவப்புச் சட்டைக்காரன் அம்புட்டும் நான் வச்சது!"

அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கன்னத்தில் கைவைத்து, "அடி ஆத்தீ! அப்ப உங்க அத்தை என்னதான் வச்சா?" என்று கேட்டார்.

"வானம். வெறும் வானம்."

வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சின்னத்தையின் பக்கம் திரும்பினார். "அப்படியாத்தா?"

சின்னத்தை மறுத்திருக்கலாம். சின்னப்பிள்ளை, விளையாட்டாகப் பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நம்பத்தான் காத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க. அவ சொல்றது சரிதான். நான் வானம் மட்டுந்தான் வச்சேன்" என்றாள்.

மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். படத்தின் மேல்பாதியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னவோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அவருடைய அம்மா எழுந்துவிட்டார். "பொண்ணு மேல குறை ஒண்ணுமில்லீங்க. ஆனா ஒரு படத்துக்கே இம்புட்டுக் கதைன்னா, நாங்க எதை நம்புறது?" தாம்பூலத்தை எடுத்துக்கொள்ளாமலே படி இறங்கினார்கள். கடைசிச் செருப்பின் சத்தம் அடங்கியதும் அம்மா என்னை அறைந்தாள்.

சின்னத்தைக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நெல் மண்டிக்காரர். நல்லவர்தான். அந்த வீட்டில் பத்திரிகை வாங்கும் வழக்கம் இல்லை. என்னால்தான் முதல் இடம் தவறியதா, அல்லது நகையிலோ வேறெதிலோ குறை கண்டிருந்து அவர்களுக்கு நான் ஒரு சாக்காக அமைந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எப்படியானாலும் அந்த அறையில் உண்மை பேசியவள் நான் ஒருத்திதான் என்ற எண்ணம் இத்தனை வருஷமும் எனக்குக் கெட்டியாக இருந்தது.

போன மாதம் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் எங்கள் ஐந்து வயது மகளுக்கு அட்டையில் ஒரு வெட்டுப்படம் வாங்கிவந்தார். ஐம்பது துண்டுகள்தான். அவள் யானையையும் குடையையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, நீலத்தையெல்லாம் என் பக்கம் தள்ளினாள். குடையைப் பார்த்தால் குடை எங்கே போகும் என்று தெரிகிறது. நீலத்தில் எதைப் பார்ப்பது? ஒரு கோடு இல்லை, புள்ளி இல்லை. வளைவை விரலால் தடவித் தடவி, இது இல்லை, இதுவும் இல்லை என்று பதினைந்து துண்டுக்கு மூன்று மத்தியானம் ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. படம் முடிந்த அன்று மாலை அவள் தன் அப்பாவிடம், "நானே செஞ்சேன். அம்மா சும்மா ஆகாசம் மட்டும்" என்றாள். அவரும் அவளைத் தூக்கிக் கொஞ்சினார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம், "எதுடி சும்மா?" என்று கத்தினேன். அவள் உதடு பிதுங்கியது.

அந்தப் பழைய படத்தில் வானம் தொண்ணூறு துண்டுக்குக் குறையாது. நான்கு தடவை. பெரியத்தை சொன்ன கதையில் அறுத்ததும் வர்ணம் அடித்ததும் பொய். ஆனால் அத்தை செய்தது என்ற ஒரு வார்த்தை, நான் கத்திச் சொன்ன உண்மையைவிட உண்மையாக இருந்திருக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் போன அந்தச் சாயங்காலம், பெரியத்தை இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதே, சின்னத்தை சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. இனி அது யாருக்கு வேண்டும்? வெந்நீர் போட்டுத் துணியை நனைத்துப் பலகையில் பரப்பி, வச்சிரம் இளகியதும் அப்பாவின் பேனாக்கத்தியால் ஒவ்வொரு துண்டாக நெம்பி எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்னுடையவற்றை மட்டும் பொறுக்கித் துடைத்துக்கொண்டேன். ஒரு குதிரையின் காது தாளோடு உரிந்து வந்துவிட்டது. வெறும் மரம் தெரிந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அறை வாங்கியபோதுகூட அப்படி அழவில்லை. சின்னத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். "அழாதடி. ஒரு காதுதானே. சரி பண்ணிரலாம்" என்று இருட்டும்வரை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் அன்று நஷ்டப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நம்பி, நானும் வெகுநேரம் அழுதேன்.