கதவுக்கு முட்டுக்கொடுத்த நாலு அங்குலம்

தபாலில் எந்தப் பொட்டலம் வந்தாலும் ஆல்விஸ் டீக் அதை உடனே பிரிக்க மாட்டார். மடியில் வைத்துக்கொள்வார். காதருகே தூக்கி ஒருமுறை குலுக்குவார். "இது நான் கேட்டது இல்ல" என்பார். அதன் பிறகுதான் கயிற்றை அறுப்பார்.

பல தடவை அவர் சொன்னதே நடந்தது. சாம்பல் நிறக் கோட்டுக்குப் பணம் கட்டினால் நீலக் கோட்டு வந்தது, அதுவும் உள்ளே இன்னொருவர் குடியிருக்கும் அளவுக்கு. தேநீர்க் கெண்டி கேட்டதற்கு மீன் தூண்டில் வந்தது. அவர் எதையும் திருப்பி அனுப்பியதில்லை. "எவனோ ஒருத்தன் அங்க உக்காந்து கட்டி அனுப்பியிருக்கான். திருப்பி அனுப்புனா அவன் மனசு என்ன பாடுபடும்?" என்பார். உண்மை வேறு. நான் ஏமாந்துவிட்டேன் என்று தபால் நிலையத்தில் நாலு பேர் பார்க்கப் பொட்டலத்தோடு நிற்க அவரால் முடியாது. கடைக்குப் போய் வாங்கலாமே என்றால், விற்பவர் முகம் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் தபால்.

டாலஸிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் டோலிவர். நடுவில் கோர்ட்டு, அதைச் சுற்றி ஒரு சதுக்கம், அதற்கப்பால் பருத்தி. பருத்தி ஆலையில் எடை போடுவது ஆல்விஸின் வேலை. அவர் சொன்ன எடைக்கு எந்த விவசாயியும் மறுபேச்சுப் பேசியதில்லை. சந்தேகம் வந்தால் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள். அந்த ஒரு மரியாதையை வைத்துக்கொண்டுதான் அவர் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தார். வீட்டில் நீலக் கோட்டைப் பார்த்தால் அந்தத் தலை கொஞ்சம் குனியும்.

அவருடைய மனைவி நெல்டா. நெல்டாவின் அண்ணன் ஹாலிஸ். வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். டோலிவரில் வேட்டைக்குப் போகாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான். ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். ஆளோ பியானோ கனம். நாற்காலியில் உட்காரும்முன் நாற்காலியிடம் அனுமதி கேட்பவர்போல ஒரு கணம் தயங்குவார். மைத்துனரின் பொட்டலங்களைக் கேலி செய்வதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை.

டாலஸில் ஜனாதிபதி சுட்டுக் கொல்லப்பட்ட அந்த வருடத்தின் வசந்த காலம். கொலைக்கு இன்னும் பல மாதம் இருந்தது. பத்திரிகையில் வந்த விளம்பரத்தின் கூப்பனை வெட்டி, ஆல்விஸ் சிகாகோ கடையொன்றுக்கு அனுப்பினார். பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி. முப்பத்தாறு அங்குலம், விலையோ மலிவு. வைலீனின் காபிக்கடையில் அதைப் பெருமையாகச் சொல்லியும் வைத்தார்.

"முப்பத்தாறு அங்குலம். கைக்கு அடக்கமா இருக்கும். நரி வந்தா வண்டியில இருந்தே போடலாம்."

"மாப்ள, தூண்டில் ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. இன்னொண்ணு எதுக்கு?" என்றார் ஹாலிஸ்.

கடை சிரித்தது. கடைக்காரி வைலீன் மட்டும், "விடு கண்ணு, இந்தத் தடவை சரியா வரும்" என்று ஆல்விஸின் கோப்பையை நிரப்பினாள்.

"வரட்டும். நானே இங்க வெச்சு அளந்து பாக்குறேன்" என்றார் ஹாலிஸ்.

பெட்டி வந்தது. ஆல்விஸ் குலுக்கினார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், பிரித்தார். துப்பாக்கிதான். நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு அளந்து பார்த்தார். நாற்பது அங்குலம்.

சமையலறை மேசையில் அதை நீட்டி வைத்து, முப்பத்தாறு அங்குலத்தில் நகத்தால் ஒரு கோடு கீறினார். பிறகு கொட்டகைக்குப் போய் ரம்பத்தை எடுத்து வந்தார். தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடிப்பக்கத்தை, இரும்புத் தகட்டோடு சேர்த்து நாலு அங்குலம் அறுத்துத் தள்ளினார். வெட்டுவாய் தெரியாமல் பழைய பூட்ஸ் தோலை வைத்து ஆணி அடித்தார். அன்றே ஒரு குண்டு சுட்டுப் பார்த்தார். கட்டை குட்டையாகிவிட்டதால் அவருடைய கட்டைவிரலே அவருடைய மூக்கில் குத்தியது. கேட்டவர்களிடம் கன்றுக்குட்டி உதைத்ததாகச் சொன்னார்.

காபிக்கடையில் வைலீன் திரைச்சீலை தைக்க வைத்திருந்த அளவு நாடாவைக் கொடுத்தாள். ஹாலிஸ் ஒருமுறை அளந்தார். நம்பாமல் இன்னொருமுறை அளந்தார்.

"முப்பத்தாறுதான்" என்றார், யாரோ இறந்த செய்தி சொல்வதைப்போல.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து துப்பாக்கி பிடித்தவர்கள். பூட்ஸ் தோலைப் பார்த்ததுமே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஆல்விஸின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. வீங்கிய மூக்கோடு சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அறுத்துப் போட்ட துண்டை நெல்டா கொட்டகையில் பார்த்தாள். அவள் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. சமையலறைப் பின்கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கனமாக, அசையாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த ஹாலிஸ் அதில் கால் இடித்துக்கொண்டார்.

"இந்தச் சனியனைத் தூக்கிப் போட மாட்டியா நெல்டா?"

"கீழ பாத்து நடண்ணே."

பிறகு நவம்பர் வந்தது. ஜனாதிபதியைச் சுட்டது எந்தத் துப்பாக்கி, எங்கிருந்து வந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னபோது நெல்டா அழுதுகொண்டிருந்தாள். சிகாகோ கடை, அதே கூப்பன், அதே இத்தாலியத் துப்பாக்கி. ஆல்விஸ் எழுந்து போய், வண்டியின் பின்கண்ணாடியில் மாட்டியிருந்த தன் துப்பாக்கியை இறக்கி, படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கூப்பனை வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அடுத்த வருடம் விசாரணை அறிக்கை வந்ததும் ஹாலிஸ் வேறு ஆளாகிவிட்டார். பியானோ மூடியைத் திறந்தால் சுருதி சேர்ப்பதற்குமுன் வழக்கைச் சேர்ப்பார். கொலையாளி வெட்டி அனுப்பிய கூப்பனில் இருந்தது முப்பத்தாறு அங்குலம். போலீஸ் எடுத்தது நாற்பது அங்குலம். இந்த நாலு அங்குலத்தை அவர் விடுவதாக இல்லை.

"அந்தப் பையன் குட்டையைக் கேட்டானாம், கடைக்காரன் நெட்டையை அனுப்பினானாம். யார்கிட்ட காது குத்துறானுங்க? நம்ம மாப்ளயும் அதே கடையிலதான் கேட்டான். கேட்டது கேட்ட மாதிரி வந்துச்சு. என் கையால அளந்தேன்! அந்த நெட்டைய யாரோ கொண்டுவந்து வெச்சிருக்காங்க."

கடை முழுக்க ஆல்விஸைத் திரும்பிப் பார்த்தது. அவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், அதில் சர்க்கரை போடாமலேயே. கடைக்காரன் கையில் இருந்ததை அனுப்பினான், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். அதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி அவருடைய கட்டிலுக்கடியிலும் சமையலறைக் கதவடியிலும் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"கடைக்காரனுங்க இருக்கிறதை அனுப்புவானுங்க, மச்சான்" என்றார் மெதுவாக.

"அப்படியா? குட்டையைக் கேட்டு நெட்டை வாங்கின ஒரே ஒரு ஆளைக் காட்டு. காட்டிட்டா, உன்னை மண் அள்ளுற ஒத்தைச் சக்கர வண்டியில உக்கார வெச்சுக் கோர்ட்டைச் சுத்தி நானே தள்ளுறேன். காட்டலேன்னா நீ என்னைத் தள்ளணும்."

தேர்தல் பந்தயத்தில் தோற்றவர்கள் அப்படித் தள்ளுவது ஊரில் வழக்கம்தான். ஆனால் ஹாலிஸை ஏற்றித் தள்ளுவதாக அதுவரை எவரும் பந்தயம் கட்டியதில்லை. ஆல்விஸ் மைத்துனரை மேலும் கீழும் பார்த்தார். எடை போடுகிறவரின் பார்வை.

"சரி. ஆனா எப்பன்னு கேக்கக்கூடாது" என்றார்.

மூன்று வருடம் அப்படியே போனது. அதற்குள் ஆல்விஸின் துப்பாக்கி பேர் பெற்றுவிட்டது. ஹாலிஸ் அதைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் பேசினார், பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசினார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. கடைசியில் ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஒரு பல் டாக்டர் கடிதம் போட்டார். பெயர் பிராதர். வழக்கை ஆராய்கிறவர்களுக்காக மாதம் ஒரு சிறு இதழ் நடத்துகிறவர். நேரில் வந்து அளந்து, உறுதிமொழி வாங்கி, இதழில் போட வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலிஸ் அவரைக் கூட்டி வந்தார். நெல்டா மாட்டிறைச்சியை மாவில் தோய்த்துப் பொரித்து, வெண்டைக்காய் வறுத்து வைத்திருந்தாள். டாக்டர் எல்லோருடைய பல்லையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மேசையை ஒழித்ததும் ஆல்விஸ் கட்டிலுக்கடியிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார்; டாக்டர் எஃகு நாடாவை எடுத்தார்.

"முப்பத்தாறு" என்றார். நாடாவை மறுபடி வைத்தார். "சரியா முப்பத்தாறு."

"சொன்னேன்ல!" ஹாலிஸ் மேசையைத் தட்டியதில் தட்டுகள் குதித்தன.

"இந்தத் தோல் எதுக்கு?"

"தோள் வலிக்கும்னு" என்றார் ஆல்விஸ்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார். பெட்டியைப் பிரித்தபோது துப்பாக்கி இதே நீளத்தில் இருந்தது என்று கடவுள் சாட்சியாக உறுதி கூறுகிறேன் என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்து.

ஆல்விஸ் பேனாவைப் பிடித்தார். காபிக்கடையில் சும்மா இருந்தது ஒரு விஷயம். யாரும் அவரை வாய்விட்டுக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இது கையெழுத்து. ஆலையில் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் போடுகிற அதே கையெழுத்து. இங்கே அது பொய்யானால் அங்கே எப்படி நிற்கும்? உண்மையைச் சொன்னாலோ, நீலக் கோட்டு, தூண்டில் எல்லாம் மறுபடி ஊர்வலம் வரும். கூடவே ரம்பமும் வரும்.

"என்ன மாப்ள, பேர் மறந்துபோச்சா?"

"டாக்டர் அய்யாவுக்கு வெக்கையா இருக்கும். பின்கதவு திறந்துதான் இருக்கு. போனா கீழ பாத்துப் போங்க, முட்டு குடுத்திருக்கேன்" என்றாள் நெல்டா, பாத்திரம் கழுவிக்கொண்டே. கணவர் பக்கம் அவள் திரும்பவில்லை.

ஆல்விஸ் பேனாவை வைத்தார். எழுந்து பின்கதவுக்குப் போனார், குனிந்தார். முட்டுக்கட்டையை எடுத்ததும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அந்தத் துண்டைத் துப்பாக்கியின் அடியில் பொருத்திப் பிடித்தார். மரத்தின் ரேகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடியது.

"அளங்க டாக்டர். ரம்பம் தின்னது போக நாப்பது இருக்கும்."

ஹாலிஸ் குனிந்து, இரண்டும் சேர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் அன்னைக்கு அளந்தேனே..."

"சரியாத்தான் அளந்த மச்சான். நான்தான் அதுக்கு முன்னாடி அறுத்துட்டேன்."

"அப்போ இத்தனை வருஷமா என் கால் இடிச்சது?"

"அதுலதான்."

"நெல்டா! உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்ணே."

டாக்டர் மட்டும் தளரவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "யார் சொல்லி அறுத்தீங்க?"

"யாரும் சொல்லல."

"நல்லா யோசிங்க. அதுக்கு முன்னாடி வெளியாளுங்க யாராவது ஊருக்கு வந்தாங்களா? ஃபோன் ஏதாவது வந்துச்சா?"

"மூத்த மச்சான் ஒருத்தர் இருக்கார். அவர் வாய்க்குப் பயந்து அறுத்தேன்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த மாத இதழில், 'டோலிவரில் அறுக்கப்பட்ட சாட்சி: பின்னால் இருந்தது யார்?' என்று மூன்று பக்கம் வந்தது. ஹாலிஸின் பெயரும் சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையில் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பந்தயத்தை யார் வென்றார் என்பதில் காபிக்கடை இரண்டு பட்டது. வைலீன் கல்லாவைத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள்.

"குட்டை கேட்டு நெட்டை வாங்கின ஆளைக் காட்டிட்டான். அதுக்கு ஹாலிஸ் ஒரு சுத்து தள்ளணும். இத்தனை வருஷம் மச்சானை முட்டாளாக்கினதுக்கு ஆல்விஸ் ஒரு சுத்து தள்ளணும். போங்க ரெண்டு பேரும்."

சனிக்கிழமை சதுக்கம் நிறைந்துவிட்டது. ஹாலிஸ் வியர்த்து ஊற்றத் தள்ளினார். ஆல்விஸ் முட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார், நீலக் கோட்டில். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நெல்டாதான் போட்டுவிட்டிருந்தாள். மூன்றாவது மூலையில், கூட்டம் குறைவான இடத்தில், ஹாலிஸ் வண்டியை இறக்கி மூச்சு வாங்கினார்.

"மாப்ள, கடைக்காரன் மாத்தி அனுப்பியிருப்பான். சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு கூப்பன், ஒரு கத்தரிக்கோல், ஒரு பொட்டலம். இவ்வளவுதானா? அவ்வளவு பெரிய மனுஷன் சாக இவ்வளவு போதுமா? என்னால அதைத் தாங்க முடியல."

"எனக்கும் முடியல. என் வீட்டுலயும் கத்தரிக்கோல் இருக்கே" என்றார் ஆல்விஸ்.

ஹாலிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினார்.

ஆல்விஸின் முறை வந்தது. இருக்கிற வண்டி ஹாலிஸைத் தாங்காது, உறுதியானது வேண்டும் என்று தபாலில் பணம் கட்டினார். பொட்டலம் வந்தது. மடியில் வைக்க முடிந்தபோதே அவருக்குச் சந்தேகம். குலுக்கினார். "இது நான் கேட்டது இல்ல." உள்ளே சிவப்பு வண்ணம் அடித்த, குழந்தைகள் மண் அள்ளி விளையாடும் ஒற்றைச் சக்கர வண்டி இருந்தது. அதையும் திருப்பி அனுப்பவில்லை. அப்புறம் பருத்திக் காலம் வந்தது, அப்புறம் முட்டி வலி வந்தது. "கடன் கடன்தான் மச்சான், ஓடிப்போயிட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பல வருடம் ஓட்டினார். ஒரு பருத்திக் காலத்தில் ஆலையில், தராசுக்குப் பக்கத்து நாற்காலியில், உட்கார்ந்தபடியே போய்விட்டார். பொதிகளோடு வந்த விவசாயிகள் அன்று எடை போடாமல் திரும்பிப் போனார்கள்.

சவப்பெட்டியை முன்னால் தூக்கியவர் ஹாலிஸ்தான். கல்லறை வரைக்கும் யாருக்கும் கை மாற்றிக் கொடுக்கவில்லை. இறக்கி வைத்த பிறகு நெல்டாவிடம், "பாத்தியா, இதோட ரெண்டு தடவை அவனை நான்தான் சுமந்திருக்கேன்" என்றார்.

சிவப்பு வண்டி இப்போது நெல்டாவின் பின்வாசலில், மண் நிரப்பிப் பூச்செடி வைத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் ஹாலிஸ் அதன்முன் கொஞ்ச நேரம் நிற்பார். ஒரு காலைத் தூக்கி, செடி நசுங்காமல் உள்ளே வைத்துப் பார்ப்பார். ஒரு பாதத்துக்குக்கூட இடம் போதாது. காலை எடுத்துக்கொண்டு படியேறுவார், கதவு முட்டில் இடித்துக்கொள்வார்.

"ஒரு சுத்து பாக்கி வெச்சுட்டுப் போயிட்டான்" என்பார் உள்ளே வந்து. நெல்டா அவருக்குத் தட்டு வைப்பாள்.