வெயிலக்காவும் இருபத்தைந்து மொட்டைகளும்

வெயிலம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். பன்னிரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குவிந்து கிடக்கும் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இத்தனை என்பாள், ஒன்று கூடாது, குறையாது. அப்படிப்பட்டவள்தான் அதிகாரியின் கண்ணெதிரே பதினொன்றை இருபத்தைந்தாக்கப் பார்த்தாள். அதற்கு உடந்தையாக இருந்த டீச்சர் நான். ஓய்வு பெற்றுவிட்டேன், இனிமேல் எனக்கு மெமோ வராது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

எட்டயபுரம் ரோட்டில் இருந்த அந்தக் கிராமத்துப் பால்வாடிக்கு நான் போனது தொண்ணூற்றாறில். நான் டீச்சர், அவள் ஆயா. சமைப்பதும் கூட்டுவதும் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதும்தான் ஆயா வேலை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வெயிலக்கா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை, அதனால் எல்லா வேலையும் அவளே செய்தாள். என் வேலையையும் சேர்த்து. ஒன்பதரை பஸ்ஸில் நான் இறங்கும்போது பிள்ளைகள் பல் தேய்த்து, கஞ்சி குடித்து, ஒரு சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள்.

காரணம் இதுதான். ஆபீஸ் வேன் விடியற்காலையிலேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பொழுது சாயத்தான் திரும்பும். சர்க்கார் பால்வாடி திறப்பதோ பத்து மணிக்கு. நடுவிலுள்ள நேரத்தைப் பற்றி எந்தச் சர்க்காரும் யோசிக்கவில்லை. வெயிலக்கா ஐந்து மணிக்கே கதவைத் திறந்து வைப்பாள். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளிலிருந்து இறக்கிப் பாயில் வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

தொண்ணூற்றெட்டில் இன்னொரு வேன் வந்தது. மஞ்சள் வேன். கோவில்பட்டியில் புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ் நர்சரி பள்ளிக்கூடத்துடையது. டை, பெல்ட், ஷூ. கொஞ்சம் கையில் காசு புழங்கிய வீடுகளெல்லாம் பிள்ளைகளை அதில் ஏற்றின. இருபத்தைந்து பேரில் பதினாலு பேர் போய்விட்டார்கள். மிஞ்சியது பதினொன்று. நர்சரியில் மூன்று வயசு நிறையாத பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள், டவுசரை நனைக்கிற பிள்ளையைச் சேர்க்கவே மாட்டார்கள். அந்த ரகமெல்லாம் எங்களிடம் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் பன்னிரண்டுக்கே முடிந்துவிடும். பன்னிரண்டரைக்கு வேன் ஊருக்குள் வந்து எந்த வீட்டு முன்னால் நிற்கும்? ஒரு வீட்டைத் தவிர எங்கேயும் ஆள் கிடையாது. தாய்மார் ஆபீசில், அப்பாமார் காட்டிலோ கடையிலோ. வேன் பால்வாடிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வந்து நிற்கும். பதினாலு டையும் அடுப்படிக் கதவு வழியாக உள்ளே நுழையும். சாம்பார் சாதம் தின்றுவிட்டு, ஷூவைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் தூங்கும். அரிசியை வெயிலக்கா எப்படித்தான் நீட்டினாளோ, நான் கேட்டதில்லை. பதிவேட்டில் அந்தப் பதினாலு பேரையும் நான் அடிக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இது ஊருக்குள் வெளியே சொல்லக் கூடாத ரகசியம். "எங்க பிள்ளை இங்கிலீஷ் படிக்கி" என்று பெருமையடித்துவிட்டு, மத்தியானம் பால்வாடிச் சோறு சாப்பிடுகிறான் என்றால் மானம் போகாதா? பதினாலு தாய்மாரும் வெயிலக்காவிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதிலும் பலசரக்குக் கடை ராஜமணி அண்ணாச்சியின் மனைவி ஜெயப்பிரியா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அவியளுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுபோடுவாவ." மத்தியானம் அண்ணாச்சி சரக்கெடுக்க டவுனுக்குப் போவார். ஜெயப்பிரியாவுக்கு டிவியில் இரண்டு தொடர் உண்டு. மகன் ஹரிஹரசுதன் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் ஒரு வசனம் காதில் விழாது.

அந்த ராஜமணி அண்ணாச்சிதான் மனுப் போட்டார். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகின்றன, பால்வாடியில் பொய்க் கணக்கு எழுதுகிறார்கள், கட்டடம் சும்மா கிடக்கிறது என்று. கட்டடம் கிடைத்தால் அவருக்கு உளுந்து மூடை அடுக்கத் தோதாக இருக்கும். விசாரிக்க மீனாட்சியம்மாள் என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நேரில் இருபது பிள்ளை இல்லையென்றால் மூடிவிட்டு, மெயின் ரோட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் உள்ள பக்கத்து ஊர்ப் பால்வாடியோடு சேர்த்துவிடுவார்கள்.

"பன்னெண்டரைக்கு வரச் சொல்லுங்க" என்றாள் வெயிலக்கா.

"அதிகாரியை நாம வரச் சொல்ல முடியுமாக்கா? பத்து மணிக்கு வாராங்க. வந்தாலும் அந்தப் பிள்ளைங்களைக் காட்ட முடியாது. வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. நீங்க வேற சத்தியம் பண்ணியிருக்கீங்க."

அவள் பாயில் விளையாடிக்கொண்டிருந்த பதினொன்றையும் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

முந்தின வருஷம் ஊரில் ஒரு பிள்ளை விடாமல் அம்மை போட்டிருந்தது. வீட்டுக்கு வீடு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அந்த வாரம்தான் பங்குனிப் பொங்கல் முடிந்திருந்தது. ஆண், பெண் பாக்கியில்லாமல் அத்தனை பிள்ளைகளுக்கும் மொட்டை. தலை நிறையச் சந்தனம். எந்தப் பிள்ளை எவர் பிள்ளை என்று எனக்கே இரண்டு நாள் பிடிபடவில்லை. பெற்ற தாயே இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

மீனாட்சியம்மாள் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மாள். மேசை முன்னால் உட்கார்ந்து, "பேரைக் கூப்பிடுங்க. ஒவ்வொருத்தரா வரட்டும். எடை போட்டு அனுப்புங்க" என்றார். நான் பேர் வாசித்தேன். பிள்ளை முன்கதவால் வரும், தராசில் ஏறும், சத்துமாவு உருண்டை ஒன்றை வாங்கிக்கொண்டு அடுப்படி வழியாக வெளியே போகும். அங்கே வெயிலக்கா சட்டையை மாற்றி, வாயைத் துடைத்து, சுற்றிவிட்டு முன்கதவுக்கு அனுப்புவாள். இரண்டாவது உருண்டை கிடைக்கிறதே என்று பிள்ளைகள் ஓடி ஓடி வந்தார்கள். பதினாறு வரை போய்விட்டோம்.

பதினேழாவதாக, "பாண்டியராஜன்" என்றேன். வந்தது காளீஸ்வரன். மூன்று வயசு, தின்பதற்கென்றே பிறந்தவன்.

"உன் பேரு என்னப்பா?" என்றார் மீனாட்சியம்மாள்.

"காளீஸ்வரன்."

"பாண்டியராஜன்னு இல்ல கூப்பிட்டாங்க?"

"காளீஸ்வரன் உருண்டைய அப்பமே தின்னுட்டேன். இது பாண்டியராஜன் உருண்டை. தாங்க."

கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. மீனாட்சியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே வெயிலக்கா ஒரு பெண்பிள்ளைக்கு டவுசர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு பிள்ளைதான். மனுவில எழுதினது சரி. மூடிற வேண்டியதுதான்" என்றார். "பக்கத்து ஊருக்கு அனுப்பினா என்ன?"

வெயிலக்கா பல்லைக் காட்டிச் சமாளிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அங்கன யாரும்மா கொண்டுபோய் விடுவா? வேன்காரன் விடியமுன்ன ஆரன் அடிச்சிருவான். பிள்ளையக் கட்டில் கால்ல சேலைத் துணியால கட்டிப்போட்டுட்டுத்தான் ஏறணும். நான் அப்படித்தான் என் மகளக் கட்டிப்போட்டேன். ஒரு நா ரெண்டு நா இல்ல, ரெண்டு வருசம். அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டு. கொலுசு போட்டா இன்னும் அந்தக் கட்டுத் தழும்பு மேலதான் கிடக்கு. நான் கொலுசப் பார்க்க மாட்டேம்மா."

மூன்று வருஷம் ஒன்றாக வேலை பார்த்தும் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. ஐந்து மணிக்குக் கதவு ஏன் திறக்கிறது என்று நானும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மீனாட்சியம்மாள் மேசைக்குத் திரும்பினார். உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினார். நிறைய எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது. வேப்பமரத்தடியில் ஆரன் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுப்படிக் கதவு வழியாகப் பதினாலு மொட்டைகள் டையோடு உள்ளே வந்தன.

"இப்ப டை கட்டி அனுப்புறியா?" என்று மீனாட்சியம்மாள் கத்திவிட்டார். "எத்தனை தடவை இதே பிள்ளைங்களைச் சுத்தி விடுவே?"

"அய்யோ, இது வேறம்மா! நெசமாவே வேற!" என்றாள் வெயிலக்கா. காலையில் அத்தனை பொய்யையும் கூசாமல் செய்தவளுக்கு உண்மையைச் சொல்லும்போது நாக்குக் குழறியது. சத்தியம் செய்தது வேறு நினைவுக்கு வந்து பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

மீனாட்சியம்மாள் என் மேசையிலிருந்த மைப்பெட்டியைத் திறந்தார். ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த ஊதா மை. கட்டைவிரலைத் தொட்டு, பிடித்த பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு பொட்டு வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பிள்ளைகள் இதைப் புது விளையாட்டு என்று நினைத்து இரண்டாம் தரம் தலையை நீட்டினார்கள். "வச்சாச்சு, போ" என்று விரட்டினார். கடைசியில் எண்ணினார். இருபத்தைந்து ஊதாப் பொட்டு.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஷூக்கள் தலைமாட்டுக்கு வந்தன. கால் மணி நேரத்தில் இருபத்தைந்தும் தூங்கிவிட்டன. மீனாட்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"காலையிலதான் எண்ணணும்னு எந்த உத்தரவும் இல்ல" என்று என்னிடம் சொன்னார். எழுதின தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். போகும்போது எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மெமோவும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதற்கு நாங்கள் தகுதியானவர்கள்தான்.

பால்வாடி பிழைத்தது. ஆனால் ஸ்டாம்பு மை மொட்டைத் தலையை விட்டுப் போகிற மை அல்ல. சீயக்காய் போட்டார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கப் பொட்டு பூசணிப்பூ அளவுக்குப் பரவியது. ஆபீசரம்மா பால்வாடிப் பிள்ளைகளுக்கு மை வைத்த கதை பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் வீட்டு இங்கிலீஷ் எங்கே தூங்கியது என்பதைத் தலை தலையாக எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பதினாலு வீடும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் ராஜமணி அண்ணாச்சி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஹரிஹரசுதன் தலையில் ஒரு தொப்பி. மை வைத்தது யார் என்பதை அவரிடம் சொல்ல மட்டும் ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை போல.

"எந்தச் சிறுக்கி எம் பிள்ளை தலையில மை வச்சா?"

"சர்க்கார் வச்சது அண்ணாச்சி" என்றாள் வெயிலக்கா, அரிசி புடைத்தபடியே. "உங்க மனுவ விசாரிக்க வந்தவிய."

அண்ணாச்சி தொப்பியை எடுத்துப் பார்த்தார், மறுபடி மாட்டினார்.

"இவன் இங்கன என்ன செய்யுதான்?"

"சாப்பிடுதான், தூங்குதான். கத்தரிக்காயத் தள்ளி வச்சிருதான். வீட்டுலயும் அப்படித்தானா?"

"வீட்டுல சோறே திங்க மாட்டானே" என்றார் அண்ணாச்சி. சொன்ன பிறகு, தான் வந்தது சண்டைக்கு என்பது ஞாபகம் வந்ததுபோல நின்றார். அப்புறம் மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இனி அந்தப் பிள்ளை வரமாட்டான் என்று நினைத்தேன்.

நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் பன்னிரண்டரைக்கு மஞ்சள் வேன் பின்னால் போகாமல் முன்வாசலில் வந்து நின்றது. ஹரிஹரசுதன் தொப்பியில்லாமல் இறங்கினான். கையில் புது எவர்சில்வர் தட்டு. அதுவரை அவன் சாப்பிட்டது அடையாளம் எதுவும் இல்லாத ஒரு பழைய தட்டில். ஜெயப்பிரியா அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தனுப்பியிருந்தாள்.

வெயிலக்கா தட்டை வாங்கித் திருப்பினாள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் எழுதியிருக்கு?"

"ராஜமணி மகன் ஹரிஹரசுதன்."

"அப்பன் பேருமா?"

"பெருசா வெட்டியிருக்கு."

அவள் சுவரில் மற்றத் தட்டுகளெல்லாம் சாய்த்து வைத்திருந்த பலகையில் அதற்கும் இடம் ஒதுக்கினாள். பேர் வெட்டிய பக்கம் வாசலைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டு, சாதம் போடப் போனாள்.