எல்லாரும் சொன்ன ஒரே பதில்

என் தங்கை பிள்ளைகளைக் கேள்வி கேட்க வந்தது ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை என்று எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். தைப்பொங்கல் முடிந்து வந்த வாரம் பனியில் கொழுந்து கருகியிருந்தது. ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை கிடையாது என்று முதல் நாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே பெயர் கூப்பிட்டபோது மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டார். பெண்கள் வீட்டில் இருந்ததால், அவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. அதன் சாவி என் தங்கைக்குக் கிடைத்தது அதனால்தான். ஆகவே ஞாயிறு.

தங்கை பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். மாணவர்கள் செயற்கை நுண்ணறிவை எதற்குப் பாவிக்கிறார்கள் என்று அவளுடைய பீடம் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. அது முடிந்ததும் ஒரு விதி வரும். அடியோடு தடுப்பதா, அல்லது பாடத்தை விளங்கிக்கொள்ளப் பாவிக்கலாம் என்று விட்டு, எதற்குப் பாவித்தோம் என்பதை மாணவரையே எழுதித் தரச் சொல்வதா? தங்கை இரண்டாவதை விரும்பினாள். அதற்குப் பாவிக்கிற பிள்ளைகளின் வாய்ச்சொல் வேண்டும். தான் கண்டதைத் தானே எழுத முடியாது. சொந்த ஊர்ப் பிள்ளைகள் என்றால் உனக்குச் சாய்வு வரும் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அவள் கண்டதை நானும் கண்டிருக்கிறேன். எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பெண் அதே பீடத்தில் இரண்டாம் வருடம். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப் போனவள். விடுமுறைக்கு வந்தால் தண்ணீர்த் தாங்கி மேட்டில் போனோடு நிற்பாள். அங்கேதான் சிக்னல் பிடிக்கும். நோர்வூட் மருந்துக் கடையில் வேலை முடிந்து நான் வரும்போது ஒருநாள் காட்டினாள். ஆங்கிலக் குறிப்பைப் படம் எடுத்து அந்தச் செயற்கை நுண்ணறிவில் போட்டு, தனக்கு விளங்குகிற மாதிரி தமிழில் சொல்லச் சொல்கிறாள். விளங்காவிட்டால் திரும்பக் கேட்கிறாள். பிறகு தன் கையால் எழுதிக்கொள்கிறாள். அந்த எழுத்தில் திருட்டு எதையும் நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பழைய தொழிற்சங்கத் தலைவர் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளைக் கோயிலடிக்குக் கூப்பிட்டார். வேறெங்கோ ஒரு கம்பஸில் இதைப் பாவித்த ஒருவனை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு ஊருக்குள் வந்திருந்தது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. தங்கை கேட்பது நல்லதற்குத்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“ஒன் தங்கச்சி நல்லதுக்குத்தான் கேக்கும் தம்பி, நான் இல்லங்கல. எழுதிக்கிட்டுப் போறது யாரு கைக்குப் போவும்னு அதுக்குத் தெரியுமா?” என்றார்.

வெளியாள் விசாரிக்க வந்தால் முதலில் கூடிப் பேசி ஒரு பதிலை முடிவு செய்வது எங்கள் லயங்களின் வழக்கம். அதன் பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. சம்பளப் போராட்டத்தில் முதலில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தது யார் என்று கேட்டு வந்தார்கள். விறகுக்குச் சவுக்கு மரம் வெட்டியது யார் என்று பொலிஸ் வந்தது. ஒரு பெயரும் வெளியே போகவில்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. இந்தத் தோட்டத்தைப் பற்றி நான் எழுதி வருவதில் பெருமையோடு எழுதிய பக்கங்கள் அவை.

ஞாயிறு காலை தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பிள்ளைகளும் வந்தார்கள். காம்பராவில் இருந்தவை குழந்தைகளின் கதிரைகள். வளர்ந்த பிள்ளைகள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, சம்மதக் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொருவராகச் சொன்னார்கள். “இல்லைங்க மிஸ், நாங்க பாவிக்கிறதில்ல.” வாக்கியம் கூட மாறவில்லை. ஒரு கட்டத்தில் தங்கை சிரித்துவிட்டாள். பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்றாள். “பெரட்டுல வந்திருக்கேன்னு சொல்லுவாங்க மிஸ், நாங்க இல்லன்னு சொல்றோம்” என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசி வீட்டுப் பெண் வந்தபோது தங்கை ஒலிப்பதிவை நிறுத்தினாள். இந்த ஆய்வை வைத்துத்தான் விதி எழுதப் போகிறார்கள், நீ செய்வதில் பிழையில்லை என்று எழுத எனக்கு உன் வார்த்தை வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னாள். பெயர் எங்கேயும் வராது என்றாள். அந்தப் பெண் கதவுக்கு வெளியே நின்ற மற்றவர்களைப் பார்த்தாள்.

“நான் மட்டும் ஆமான்னு சொன்னா, அவங்க எல்லாம் பொய் சொன்னதா ஆயிருமே அக்கா.”

பிறகு ஒலிப்பதிவைப் போடச் சொல்லி, மற்றவர்கள் சொன்னதையே சொன்னாள்.

சித்திரை வருடப் பிறப்புக்கு முன் பீடக் கூட்டம் நடந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பாவிப்பதே இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கும்போது அவர்களுக்காக எதற்குத் தளர்வு என்று கேட்டார்களாம். தங்கையிடம் காட்ட எதுவும் இல்லை. அடியோடு தடை வந்தது. மீறினால் அந்தப் பாடத்தில் மதிப்பெண் கிடையாது, அடுத்த வருட மாணவர் அணியோடு திரும்பப் படிக்க வேண்டும்.

ஆடி மழையில் பொகவந்தலாவைப் பாதை சரிந்து பஸ் நின்றுபோன வாரம், கடைசி வீட்டுப் பெண்ணை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுதிக் கொடுத்த ஒப்படையில் விளக்கம் அவளுடைய ஆங்கிலத்துக்கு மிஞ்சித் தெளிவாக இருக்கிறது என்பது சந்தேகம். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். அவளுக்கு விடை தெரியும், வாயில் வரவில்லை. தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டாளாம். பாடத்தின் மொழிமூலம் ஆங்கிலம் என்றார்களாம். பாவித்தாயா என்றபோது இல்லை என்றாள். தான் பேசலாமா என்று தங்கை கேட்டதற்கு, ஒரே தோட்டம் என்பதால் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாடத்தில் அவளுக்கு மதிப்பெண் இல்லை என்ற முடிவு ஆவணி நடுவில் வந்தது. தலைவர் அவளுடைய வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அவருக்கு அப்போதும் எங்கே பிசகியது என்று பிடிபடவில்லை. விளக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பாடத்தைத் திரும்பப் படிக்க அடுத்த அணிக்கு வகுப்பு தொடங்கியது, அவள் போகவில்லை. புரட்டாசியில் தாயோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கினாள்.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை தங்கை அந்த ஆய்வைப் பற்றிய தன் கட்டுரையை வாசிக்கக் கொழும்புக்குப் போயிருந்தாள். கருத்தரங்கு மண்டபத்துக்கு வெளியே நின்று எனக்குப் போன் எடுத்தாள். அந்தப் பெண் கம்பஸுக்குத் திரும்புவதைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள்.

“நேத்து பேர் பதிஞ்சிருச்சு” என்றேன்.

தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளியாகப் பெயர் பதிந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ அடுத்த கட்டுரையின் தலைப்பை அறிவித்தார்கள். அது அவளுடையது.

“கூப்பிடுறாங்க அண்ணே” என்று சொல்லி வைத்துவிட்டாள்.