அண்ணி ஊற்றும் பெட்ரோல்

வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு பெட்ரோலை விட்டுவிட்டால், அது காய்ந்து மறைகிற வரைக்கும் அண்ணி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். தலைபோகிற அவசரமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். சொட்டு சுவடில்லாமல் போனால் கேனை உள்ளே எடுத்துவைப்பாள். பிசுபிசுவென்று ஒரு வளையம் மிஞ்சியதோ, கொண்டுவந்தவன் தொலைந்தான். "இத வச்சு துருப்பிடிச்ச போல்ட்டக் கழுவுங்க. இன்ஜின்ல ஊத்திராதீங்க."

கணவனுடைய தம்பிக்குத்தான் அவள் முறைப்படி அண்ணி. போகப் போக பட்டறைக்கு வருகிற நரைத்த மீசைக்காரர்களுக்கும் அண்ணியாகிவிட்டாள். காடுமேடு, சேறு, பாறை என்று பாதையே இல்லாத இடத்தில் ஓட்டுகிற பந்தய பைக்குகளின் இன்ஜினைப் பிரித்துக் கட்டுவது அவள் தொழில். அண்ணனுக்கு டயர் மாற்றுவதோடு சரி. இன்ஜின் பக்கம் எட்டிப் பார்த்தாரானால், "நீங்க அங்கயே இருங்க சாமி" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிடுவாள்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்மூடி நிற்பாள். பக்கத்தில் நிற்கும் தம்பிக்குக் கேட்பதெல்லாம் வெறும் இரைச்சல். "ரெண்டாவது கியர்ல ஒரு பல்லு அழுவுதுடா" என்பாள். பிரித்துப் பார்த்தால் அந்தப் பல் முனை மழுங்கித்தான் இருக்கும்! எத்தனை தடவை பார்த்தாலும் அவனுக்கு மெய்சிலிர்த்துப்போகும். இது காதா, இல்லை வேறு ஏதாவதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

போன பந்தயத்தில் அவள் பேச்சைக் கேட்காமல் சாதாரண பெட்ரோலை ஊற்றிக்கொண்டு மலையேறியவன் அவன். கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் இறுக்கிப் பிழியும். அந்த இறுக்கம் தாங்காத பெட்ரோல், பிளக் பொறி விடுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். பாதிச் சரிவில் டக்டக்கென்று தட்டி, பிஸ்டன் ஓட்டையாகி, பைக்கோடு உருண்டு வந்தான். இன்றும் காலுக்குள் இரும்புத் தகடு இருக்கிறது.

இந்தத் தடவை பந்தய மைதானத்தில் அண்ணி இன்ஜினைச் சூடேற்றி, ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினாள். வண்டி கண்ணிமைக்கும் நேரம் தயங்கியது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"என்னத்தக் கலந்த?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"என்னத்தக் கலந்தன்னு கேட்டேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். "ஏரோபிளேன் பெட்ரோல். வானத்துல பறக்கறதே அதுலதானே, மலையேறப் பத்தாதா?"

பளாரென்று ஒன்று விழும் என்று அண்ணனே ஒதுங்கிக்கொண்டார். அண்ணியோ டேங்க் குழாயைக் கழற்றி, மொத்தத்தையும் வடியவிடத் தொடங்கினாள்.

"அது ஒரே சீரா ஓடுற இன்ஜினுக்குடா. நீ பாறைக்குப் பாறை விட்டு விட்டு முறுக்குறவன். கேட்ட உடனே குடுக்கணும். இது யோசிச்சுக் குடுக்கும். அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ கீழ கிடப்ப."

"அது தட்டாதுல்ல அண்ணி? பயமா இருக்கு."

"இறுக்கத்தத் தாங்குற சக்திதான்டா ஆக்டேன், தட்டாத அளவுக்கு அது இருந்தாப் போதும். அது நான் வச்சிருக்கறதுலயே இருக்கு. அதுக்கு மேல நீ ஊத்துனது பெட்ரோல் இல்ல, உன் பயம்."

தன் கேனிலிருந்து நிரப்பினாள். இன்ஜினைக் கிளப்பி, காதை வைத்து நெடுநேரம் நின்றாள். பிறகு அவன் ஹெல்மெட்டைத் தட்டி, "போ. குடுக்கும்" என்றாள்.

கொடுத்தது! கால் முறிந்த அதே சரிவில், பயத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு அவன் முறுக்கிய முறுக்குக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கொடுத்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. உச்சியில் ஏறி நின்று, இன்ஜினை அணைத்துவிட்டு, மூச்சிரைக்கக் கீழே பார்த்தான்.

கூட்டம் விசிலடித்துக் குதித்தது. அண்ணன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, தரையில் குத்துக்காலிட்டு, அந்த டக்டக் காதில் விழுந்துவிடுமோ என்று இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகும் அவள் கைகளை எடுக்கவில்லை.