கண்மாய்க்கரையில் சொன்ன சேதி

எல்லையில் சண்டை மூண்ட அந்தச் சித்திரைக் கடைசியில் இருளப்பசாமிக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்தால் பெண்டாட்டி தங்கத்தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும், டீக்கடைக்குப் போனால் டிவியைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பயந்து ஆடுகளைப் பத்திக்கொண்டு கண்மாய்க்குப் போவார்; போன வேகத்தில் டீக்கடைக்கே திரும்பி வருவார். ஒரே மகன் பாண்டீஸ்வரன் பட்டாளத்தில் இருந்தான், அதுவும் எல்லையிலேயே. சண்டை தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை.

திருச்சுழிப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் சண்டையை முன்னின்று நடத்தியது உக்கிரபாண்டியின் டீக்கடை டிவிதான். கோட்டு மாட்டியவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். காலையில் ஒரு ஊரைப் பிடித்தார்கள், மத்தியானம் ஒரு துறைமுகத்தையே கொளுத்தினார்கள். உக்கிரபாண்டி வைகாசிப் பொங்கல் கமிட்டிக்காரர். அம்மனுக்கென்று வாங்கி அவர் வீட்டில் அடுக்கியிருந்த வெடிகளை, துறைமுகச் செய்தி வந்த சூட்டில் மொத்தமாகத் தூக்கிவந்து ரோட்டில் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். சாமிக்குப் போட வேண்டிய வெடியை டிவிக்குப் போட்ட புத்திசாலிகள்.

"மாமா, ஒம்ம மகன் உள்ள பூந்துட்டான்" என்று உக்கிரபாண்டி அன்றைக்கு டீயில் சீனியை அள்ளிப் போட்டார்.

"எங்க பூந்துட்டான் மாப்ளே?"

"அதான் டிவியில சொல்றாகளே."

இருளப்பசாமி டீயைத் தொடாமல் எழுந்தார். வெடிச் சத்தத்துக்கு மிரளுகிற ஆள் இல்லை அவர். கைதட்டல்தான் அவருக்குப் பயம்.

இளவயதில் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் அவரும் ஒரு சிப்பாய். போகும்போது பேப்பரெல்லாம் புகழ்ச்சி. போய் நாளாக ஆக, இது நம் சண்டைதானா என்று அனுப்பியவர்களுக்குள்ளேயே இழுபறி வந்தது. ஆட்சி மாறியது, பேப்பர்களும் மாறின. காவல் காக்கப் போனவர்கள் என்று எழுதிய அதே கை கொலைகாரர்கள் என்று எழுதியது. அங்கே வெளியே சொல்லக் கூசுகிற காரியங்களும் நடந்தன. இல்லை என்று அவர் ஒருநாளும் சாதித்ததில்லை. ஆனால் நாங்கள்தான் அனுப்பினோம் என்று ஒருத்தராவது முன்னால் வந்து நின்றிருக்கலாம். பின்னால் ஆளில்லை என்று தெரிந்த அன்றைக்கே கையில் இருந்த துப்பாக்கி வெறும் கட்டையாகிவிட்டது. திரும்பி வந்து பட்டாள உடுப்போடு மதுரையில் பஸ் ஏறினார். "நம்ம சனத்தையாய்யா சுட்டுட்டு வாரீக?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். நல்ல கூட்டம். ஆனாலும் காரியாபட்டி தாண்டியும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

மகனும் அப்படி ஒரு பஸ்ஸில் ஊர் வந்து சேர்வானோ என்பதுதான் இப்போது அவருடைய பயம். குண்டுக்கும் பயம்தான். அந்தப் பயத்தைத் தங்கத்தாய் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் சண்டை நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. துறைமுகக் கதை பொய் என்பதும் தெரிந்துபோனது. டீக்கடையில் எல்லோர் மூஞ்சியும் தொங்கிவிட்டது.

"பாதியில விட்டுட்டு வாரானுக. வெடியெல்லாம் வீணாப் போச்சு" என்றார் உக்கிரபாண்டி. "இவனுகள நம்பி இப்ப அம்மனுக்கு என்னத்தப் போட?"

இருளப்பசாமிக்கு ரத்தம் கொதித்தது. "வெடியப் போட்டது நீயி. தொறமுகத்தக் கொளுத்தித் தாரேன்னு எம்மகன் ஒன்கிட்ட வந்து சொன்னானா?"

பதில் வருவதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. பாண்டீஸ்வரன்.

"அப்பா, நல்லாருக்கேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தலைக்கு மேலே டிவி, இது வெற்றியா பின்வாங்கலா என்று அலறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா சத்தம்? நியூஸா? எங்களப் பத்தி என்ன சொல்றாக?"

"ஒண்ணுங் கேக்கலப்பா. இரு, வெளிய வாரேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு ரோட்டைக் கடந்து, கருவேல முள்ளுக்குள் விழுந்தடித்து நடந்தார். கண்மாய்க்கரையில் ஏறி, டிவிச் சத்தம் சுத்தமாக எட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுத்தார்.

"இப்பச் சொல்லுய்யா."

"எங்க மேஜர் சாப் கடைசி வரைக்கும் எங்ககூடயே பதுங்கு குழிக்குள்ள கெடந்தாருப்பா. அவரு நின்னாரு, நாங்களும் நின்னோம். நிறுத்தச் சொன்னாக, நிறுத்திட்டோம். இங்க வேற ஒண்ணுந் தெரியல." குரல் தயங்கியது. "ஜெயிச்சோமாப்பா?"

அவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ, அதுவும் தெரியாது.

"ஜெயிச்சுட்டீகப்பா" என்றார். "ஊரே சொல்லுது."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "கூட இருக்கவனுக எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறானுகப்பா. சொல்லிரவா?"

"சொல்லு. யாரு சொன்னதுன்னு கேட்டா, எம்பேரச் சொல்லு."